தோலில் தெரியும் இரத்தப் புற்று: ஒரு வரலாறு

காய்ச்சல் என்றோ களைப்பு என்றோ மருத்துவரிடம் போகிறீர்கள். அவர் முதலில் என்ன செய்கிறார்? கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறார். ஊசியால் ஒரு துளி இரத்தம் எடுப்பதற்கு முன்பே உங்கள் இரத்தத்தின் நிலையை அவர் ஓரளவு அறிந்துகொண்டு விடுகிறார். சோகை என்றால் இமையின் உட்புறம் வெளுத்திருக்கும். காமாலை என்றால் வெண்விழி மஞ்சளாக இருக்கும். இவை நாம் எல்லோரும் அறிந்தவையே.

ஆனால் இரத்தத்தில் தோன்றும் புற்றுநோயும் சில வேளைகளில் தோலில் தெரியும் என்பது பலரும் அறியாத செய்தி. அப்படித் தெரியும்போது அதற்கு ஒரே பொருள் இருப்பதில்லை. ஒரே நோயாளியின் கையில் தோன்றும் ஒரு சிவந்த புடைப்புக்கு நாலைந்து வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். ஒரு காரணத்துக்கு உயிர் காக்கும் மருந்து, வேறொரு காரணத்துக்கு உயிரையே பறித்துவிடலாம். இந்தக் காரணங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய மருத்துவ உலகத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

வெள்ளை இரத்தம்

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். நம் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 50 இலட்சம் செவ்வணுக்கள் உள்ளன. வெள்ளணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஒன்றரை இலட்சத்திலிருந்து நாலரை இலட்சம் வரை இருக்கும். இம்மூன்றும் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. வெள்ளணுக்களின் ஒரு வகை கட்டுக்கடங்காமல் பெருகி, மஜ்ஜையை அடைத்துக்கொண்டு, மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுவதே இரத்தப் புற்று. இதையே லூக்கிமியா என்கிறோம்.

1845ஆம் ஆண்டு இந்நோயின் வரலாற்றில் முக்கியமான ஆண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், கூரைக்குக் கற்பலகை வேயும் 28 வயதுத் தொழிலாளி ஒருவர் வயிற்றின் இடப்பக்கம் பெரிய வீக்கத்துடன் மருத்துவமனைக்கு வந்து, சில நாட்களில் இறந்துபோனார். அவரது உடலை அறுத்து ஆராய்ந்த ஜான் ஹியூஸ் பென்னட், இரத்தம் முழுவதும் சீழ் கலந்தது போல் இருக்கக் கண்டார். அதே ஆண்டில் பெர்லின் நகரில் ருடால்ஃப் விர்ச்சோ என்ற 24 வயது மருத்துவர் இதுபோன்ற மற்றொரு நோயாளியின் உடலை ஆராய்ந்தார். நுண்ணோக்கியில் பார்த்தபோது செவ்வணுக்களுக்கும் வெள்ளணுக்களுக்கும் இருக்கவேண்டிய விகிதம் தலைகீழாக மாறியிருந்தது. அது சீழ் அன்று என்று அவர் வாதிட்டார். ‘வெள்ளை இரத்தம்’ என்று முதலில் குறிப்பிட்டவர், 1847இல் அதையே கிரேக்க மொழியில் ‘லூக்கிமியா’ என்று பெயரிட்டார்.

1846இல் லண்டன் மருத்துவரான ஹென்றி ஃபுல்லர், உயிரோடிருந்த ஒரு நோயாளியின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து இந்நோயைக் கண்டறிந்தார். 1868 முதல் 1870 வரை எர்ன்ஸ்ட் நாய்மன் செய்த ஆய்வுகள், இரத்த அணுக்கள் மஜ்ஜையில் பிறக்கின்றன என்பதையும், லூக்கிமியாவின் ஊற்று அங்கே இருக்கக்கூடும் என்பதையும் காட்டின. அக்கால மருத்துவர்கள் நோயின் அடையாளங்களாக மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள், மஜ்ஜை ஆகிய மூன்றையே கருதினர். தோலைப் பற்றி எவரும் பேசவில்லை.

பச்சைக் கட்டியின் புதிர்

லூக்கிமியா என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே அந்நோய் ஒரு வேறு வேடத்தில் கண்ணுக்குப் பட்டிருந்தது. 1811இல் கிளாஸ்கோ நகரின் உடற்கூற்று ஆசிரியர் ஆலன் பர்ன்ஸ், தலை கழுத்து அறுவை பற்றி எழுதிய நூலில் ஒரு விநோதமான கட்டியைக் குறிப்பிட்டார். வெட்டிப் பார்த்தால் அதன் உட்புறம் பச்சை நிறமாக இருந்தது! 1853இல் இதற்குக் ‘குளோரோமா’ என்ற பெயர் சூட்டப்பட்டது. ‘பச்சைக் கட்டி’ என்று பொருள். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் கண்குழியின் எலும்பைச் சுற்றித் தோன்றும். சிலருக்குத் தோலிலும் தோன்றும்.

இந்தக் கட்டிக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு? எண்பது ஆண்டுகள் கழித்து, 1893இல், அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் டாக் இதை லூக்கிமியாவோடு தொடர்புபடுத்தினார். பச்சை நிறத்துக்கான விடை இன்னும் தாமதமாகத்தான் கிடைத்தது. 1941இல் சுவீடன் நாட்டு அறிஞர் அக்னர், மஜ்ஜையில் பிறக்கும் ஒரு வகை வெள்ளணுக்களில் பச்சை நிற நொதி ஒன்று இருப்பதைப் பிரித்துக் காட்டினார். இன்று அதற்கு மைலோபெராக்சிடேஸ் என்று பெயர். நம் உடலுக்குள் புகும் கிருமிகளைக் கொல்ல வெள்ளணுக்கள் வைத்திருக்கும் கருவிகளில் இதுவும் ஒன்று. சளியும் சீழும் சில சமயம் பச்சையாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். அத்தகைய வெள்ளணுக்கள் கோடிக்கணக்கில் ஓரிடத்தில் குவிந்தால் அந்தத் திசுவே பச்சையாகிவிடுகிறது.

இரத்தத்தில் ஓட வேண்டிய அணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேறி, வேறொரு திசுவில் குடியேறிக் கட்டியாகலாம் என்பதே பச்சைக் கட்டி தந்த பாடம்.

வியன்னாவில் தோல் மருத்துவம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் மருத்துவத்தின் தலைநகராக விளங்கியது வியன்னா. ஃபெர்டினாண்ட் ஹெப்ரா அங்கே தோல்நோய்களை வகைப்படுத்தினார். ஓவியர்களைக் கொண்டு அவற்றை வண்ணப் படங்களாக வரையச் செய்து பெரிய தொகுப்பாகவும் வெளியிட்டார். தோலை நுண்ணோக்கியில் ஆராயும் கலையும் அங்கேயே வளர்ந்தது.

அந்தச் சூழலில் 1876இல் வியன்னாவின் மருத்துவ ஆண்டு மலரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் போலந்து மருத்துவரான ஆல்ஃபிரட் பியெசியாடெட்ஸ்கி. தோலிலும் குடலிலும் காணப்பட்ட லூக்கிமியாக் கட்டிகளை அவர் அதில் விவரித்தார். லூக்கிமியா தோலுக்குள் நேரடியாகப் புகுவதைத் திசு அளவில் காட்டிய தொடக்ககால ஆவணமாக இக்கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

1885இல் ஹெப்ராவின் மருமகனும் அவருக்குப் பின் அத்துறையின் தலைவராக வந்தவருமான மோரிட்ஸ் கப்போசி மற்றொரு நோயாளியைப் பற்றி எழுதினார். நோய் முதலில் கரப்பான் போலவே தோன்றியது: அரிப்பு, செம்மை, செதில். பிறகு தோல் தடித்து முடிச்சுகள் எழுந்தன. இறுதியில் லூக்கிமியாவின் அறிகுறிகள் தோன்றி நோயாளி இறந்தார். ‘நிணநீர்த் தோல்நோய், கொடிய வகை’ என்ற பொருளில் கப்போசி இதற்கு ஒரு இலத்தீன் பெயரிட்டார்.

வரிசையைக் கவனியுங்கள். இங்கே தோல் முந்திக்கொண்டது. இரத்தம் பின்னால் வந்தது. வெறும் கரப்பான் என்று களிம்பு தடவிக்கொண்டிருந்த நோய், உடல் முழுவதையும் பற்றிய நோயாக முடிந்தது. இரத்தச் சோதனையில் ஏதும் தெரியாத நிலையிலேயே தோலில் லூக்கிமியாவின் செல்கள் காணப்படும் நோயாளிகள் மிகச் சிலர் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன.

எல்லாப் புள்ளிகளும் ஒன்றா?

இனி ஒரு குழப்பம் தொடங்கியது. லூக்கிமியா நோயாளிகளின் தோலை மருத்துவர்கள் உற்றுப் பார்க்க ஆரம்பித்ததும், பலவிதமான மாற்றங்கள் கண்ணில் பட்டன. குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள், கன்றிப்போன நீலத் திட்டுகள், கொப்புளங்கள், அரிப்புத் தடிப்புகள், உறுதியான முடிச்சுகள். இவை எல்லாமே தோலில் குடியேறிய புற்றுச் செல்களா?

சிவப்புப் புள்ளிகளின் புதிரை அவிழ்க்க உதவியவர் இத்தாலியின் ஜூலியோ பிட்சொசேரோ. 1882இல் அவர் இரத்தத்தின் மூன்றாவது வகை அணுவான தட்டணுவையும், குழாய் கிழிந்த இடத்தில் அது ஒட்டி அடைப்பதையும் விளக்கினார். தட்டணுக்கள் போதிய அளவு இருந்தால், நாள்தோறும் நுண்குழாய்களில் ஏற்படும் சின்னஞ்சிறு கசிவுகள் நாம் அறியாமலே அடைபட்டுவிடும். லூக்கிமியாவில் மஜ்ஜை அடைபட்டுப் போவதால் தட்டணுக்கள் குறைகின்றன. எண்ணிக்கை இருபதாயிரத்துக்கும் கீழே போனால், அடிபடாமலே இரத்தம் தோலுக்குள் கசியத் தொடங்கலாம். நிற்கும்போது அழுத்தம் மிகுதியாக உள்ள கணுக்காலில் இத்தகைய புள்ளிகள் முதலில் தோன்றுவதுண்டு.

இப்புள்ளிகளை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினால், குழாய் விரிவதால் வந்த சிவப்பு மறைந்துவிடும். குழாயை விட்டு வெளியே கசிந்த இரத்தம் மறையாது. அப்படி மறையாத புள்ளியில் இருப்பது வெறும் இரத்தக் கசிவுதான். புற்றுச் செல்கள் அங்கே இல்லை. டெங்குக் காய்ச்சல் போன்ற வேறு நோய்களிலும் தட்டணு குறைந்து இதே புள்ளிகள் வருவதை நாம் அறிவோம்.

1902இல் பிரான்சின் துலூஸ் நகரத் தோல் மருத்துவர் சார்ல் ஓட்ரி, லூக்கிமியா நோயாளிகளின் தோலில் தோன்றினாலும் புற்றுச் செல்கள் இல்லாத மாற்றங்களைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு ‘லூக்கிமிட்’ என்று பெயரிட்டார். பிரிவினை இப்போது தெளிவாயிற்று: ஒரு பக்கம், புற்றுச் செல்களே தோலில் குடியேறிய மாற்றங்கள், மறுபக்கம், நோயின் விளைவாகவோ உடலின் எதிர்வினையாகவோ தோன்றும் மாற்றங்கள். இரண்டையும் வெறும் கண்ணால் பிரித்தறிய முடிவதில்லை. சிறு துண்டுத் தோலை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதொன்றே வழி. மஜ்ஜையில் பிறந்த புற்றுச் செல்கள் பலவும் அடித்தோலில் கூட்டமாக நிற்கும். அவற்றுக்கும் மேல்தோலுக்கும் இடையே வரப்பு போட்டாற்போல ஒரு வெற்றுப் பட்டை தெரிவதுண்டு.

எந்த வகை லூக்கிமியா தோலை அதிகம் நாடுகிறது என்பதும் மெல்லத் தெரியவந்தது. வெள்ளணுக்களில் மோனோசைட் என்றொரு வகை உண்டு. இரத்தத்தில் சிறிது காலம் சுற்றியபின் திசுக்களுக்குள் புகுந்து காவல் காப்பது அதன் இயல்பு. இவ்வகைச் செல்களின் லூக்கிமியாவை 1913இல் ரெஷாத், ஷில்லிங் இருவரும் விவரித்தனர். 1976இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவர்கள் சேர்ந்து லூக்கிமியாக்களை வகைப்படுத்தினர். அதில் நான்காவதும் ஐந்தாவதும் மோனோசைட் சார்ந்தவை. ஈறு வீங்குவதும் தோலில் முடிச்சுகள் எழுவதும் இவ்விரண்டில்தான் மிகுதி. இயல்பான நிலையில் திசுக்களுக்குள் புகும் பழக்கமுள்ள செல், புற்றாக மாறிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை!

பிறந்த குழந்தைக்கு மிக அரிதாக வரும் லூக்கிமியாவிலும் தோல் கணிசமாகப் பாதிக்கப்படுகிறது. நாவற்பழக் கறை போன்ற நீல முடிச்சுகள் உடம்பெங்கும் தோன்றும்.

மருத்துவர் ஸ்வீட் கண்டது

1964இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரத் தோல் மருத்துவர் ராபர்ட் டக்ளஸ் ஸ்வீட், பதினைந்து ஆண்டுகளில் தாம் கண்ட எட்டுப் பெண் நோயாளிகளைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் திடீர்க் காய்ச்சல். கை, முகம், கழுத்து ஆகிய இடங்களில் வலியுடன் கூடிய சிவந்த தடிப்புகள். இரத்தத்தில் வெள்ளணுப் பெருக்கம். தோல் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அடர்ந்து கிடந்தன. கிருமித் தொற்றுதான் என்று எவரும் எண்ணுவர். ஆனால் கிருமி எதுவும் கிடைக்கவில்லை. கிருமிக்கொல்லி மருந்துகளால் பயன் இல்லை. ஸ்டீராய்டு கொடுத்ததும் தடிப்புகள் விரைவில் மறைந்தன.

அடுத்து வந்த ஆண்டுகளில் இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஏதேனும் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவற்றுள் முதலிடம் லூக்கிமியாவுக்கே. இங்கே தோலில் குவிந்திருப்பவை பெரும்பாலும் முதிர்ந்த வெள்ளணுக்கள். லூக்கிமியா ஏற்கெனவே உள்ளவருக்கு இது வந்தால் புற்று தோலுக்குப் பரவிவிட்டது போலத் தோன்றும். அல்லது கிருமி தாக்கியது போலத் தோன்றும். லூக்கிமியா இருப்பதையே அறியாதவருக்கு வந்தால், அதுவே முதல் எச்சரிக்கையாகவும் அமையலாம்.

மருந்து வந்தபின் வந்த புள்ளிகள்

1948 வரை லூக்கிமியாவுக்குப் பயனுள்ள மருந்து ஏதும் இல்லையென்றே சொல்லலாம். அவ்வாண்டு பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர், கடும் லூக்கிமியா வந்த 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்ததில் 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் கண்டதாக வெளியிட்டார். ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அந்த மருந்து லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அங்கே ஆராய்ச்சியை நடத்தியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1922இல் அமெரிக்கா சென்றவர் அவர்.

மருந்துகள் பெருகப் பெருக நோயாளிகள் நீண்ட காலம் வாழ்ந்தனர். அதனால் தோலில் தோன்றும் மாற்றங்களின் பட்டியலும் நீண்டது. மருந்து புற்றுச் செல்லோடு நல்ல வெள்ளணுக்களையும் அழித்து எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. அந்தச் சமயத்தில் சாதாரணமாகத் தீங்கு செய்யாத பூஞ்சைகள்கூட இரத்தத்தில் புகுந்து தோலில் சிவந்த முடிச்சுகளாக வெளிப்படும். மருந்தே ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வரும். 1957 முதல் டோனல் தாமஸ் வளர்த்தெடுத்த மஜ்ஜை மாற்று மருத்துவம் 1990இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்தது. அந்த மருத்துவத்தோடு இன்னொரு புதிய தோல் மாற்றமும் வந்தது. கொடையாளியின் மஜ்ஜையில் பிறந்த வெள்ளணுக்கள் நோயாளியின் தோலையே அந்நியமாகக் கருதித் தாக்கும். உள்ளங்கை, உள்ளங்கால், காது ஆகிய இடங்களில் செம்மை தோன்றுவது இதன் தொடக்கமாக இருக்கலாம்.

இப்போது நிலைமையைச் சிந்தித்துப் பாருங்கள். லூக்கிமியாவுக்கு மருத்துவம் செய்துகொண்டிருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல். கையில் நாலு சிவந்த முடிச்சுகள். புற்றுச் செல்கள் என்றால் புற்று மருந்தைக் கூட்டவோ மாற்றவோ வேண்டும். ஸ்வீட் கண்ட நோய் என்றால் ஸ்டீராய்டு வேண்டும். பூஞ்சை என்றால் அதை அழிக்கும் மருந்தை உடனே தொடங்க வேண்டும். அங்கே ஸ்டீராய்டு கொடுத்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்ததாகும். மருந்தே காரணம் என்றால் அதை நிறுத்த வேண்டும். முடிச்சு ஒன்றுதான், வழிகளோ நான்கு. அதனால்தான் இத்தகைய நோயாளியிடம் தோல் துண்டை எடுக்க மருத்துவர் தயங்குவதில்லை. துண்டின் ஒரு பகுதி நுண்ணோக்கிக்குப் போகும். மற்றொரு பகுதி கிருமி வளர்ப்புச் சோதனைக்குப் போகும்.

1975இல் கோலர், மில்ஸ்டைன் ஆகிய இருவரும் ஒரே மாதிரியான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையைக் கண்டனர். அதன்பின் ஒவ்வொரு வெள்ளணு வகையின் மேற்பரப்பிலும் உள்ள தனி அடையாளங்களைச் சாயமேற்றிக் காண முடிந்தது. தோலில் நிற்கும் செல் எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்று இன்று திட்டமாகச் சொல்லிவிடலாம்.

கியூஷு தீவின் செய்தி

ஒரு செல் எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு எத்தனை வலிமை உண்டு என்பதை ஜப்பானில் நடந்தவை காட்டும். வெள்ளணுக்களில் லிம்போசைட் என்னும் வகைக்குள் பி என்றும் டி என்றும் இரு குலங்கள் இருப்பது 1960களில் தெளிவாயிற்று. 1977இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் உச்சியாமா, தகட்சுகி முதலியோர் டி வகை லூக்கிமியா வந்த 16 பெரியவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். நோயாளிகளின் தோல் அடிக்கடி பாதிக்கப்பட்டிருந்தது. இரத்தத்தில் இருந்த புற்றுச் செல்களின் உட்கரு மடிந்து பிளந்து பூவைப் போல இருந்தது. மற்றொன்றும் அவர்கள் கவனத்தை ஈர்த்தது: நோயாளிகளில் பெரும்பாலோர் ஜப்பானின் தென்மேற்கில் உள்ள கியூஷு தீவில் பிறந்தவர்கள்.

ஒரே வட்டாரத்தில் ஒரு புற்றுநோய் ஏன் குவிய வேண்டும்? மண்ணா, உணவா, தொற்றா? விடை இரு திசைகளிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் குழுவினர், தோலைப் பற்றிய டி செல் புற்று உள்ள ஒரு நோயாளியின் செல்களை வளர்த்து, அவற்றில் ஒரு ரெட்ரோவைரசைக் கண்டு 1980இல் வெளியிட்டனர். மனிதனிடம் நோய்க்குக் காரணமாகும் ரெட்ரோவைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல் முறை. 1981இல் ஜப்பானில் ஹினுமாவின் குழுவினர் இந்த லூக்கிமியா உள்ள 44 பேரைச் சோதித்தனர். 44 பேரின் இரத்தத்திலும் வைரசுக்கு எதிரான பொருள் இருந்தது. நோய் மிகுந்த வட்டாரங்களில் உடல்நலமுள்ள பெரியவர்களிலும் நூற்றுக்கு 26 பேரிடம் அது இருந்தது. மற்ற வட்டாரங்களில் மிகச் சிலரிடமே இருந்தது. ஜப்பானில் கண்ட வைரசும் அமெரிக்காவில் கண்ட வைரசும் ஒன்றே என்பது பின்னர் உறுதியாயிற்று.

இந்த வைரஸ் உடலில் உள்ளவர்களில் நூற்றுக்குச் சிலருக்கு மட்டுமே, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்தே, லூக்கிமியா வருகிறது. இரத்தம், உடலுறவு, தாய்ப்பால் ஆகிய வழிகளில் அது பரவுகிறது. ஜப்பானில் 1986இல் கொடை இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கினர். 1987இல் கியூஷுவில் உள்ள நாகசாகி மாவட்டத்தில் கருவுற்ற தாய்மாருக்குச் சோதனை செய்து, வைரஸ் உள்ளவர்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தினர். நீண்ட நாள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குப் பரவிக்கொண்டிருந்த தொற்று, புட்டிப்பால் குடித்த குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்குக் குறைந்தது. 2010க்குப் பின் இச்சோதனை ஜப்பான் முழுவதற்கும் விரிந்தது. (இது அந்த வைரஸ் உள்ள தாய்மாருக்கு மட்டும் உரிய அறிவுரை என்பதை மறவாதீர்கள். மற்றக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கு நிகரான உணவு இல்லை.)

இந்த லூக்கிமியா ஏன் தோலை இவ்வளவு நாடுகிறது? டி செல்களில் ஒரு பகுதிக்குத் தோலைக் காவல் காப்பதே பணி. அவற்றின் மேற்பரப்பில் சிசிஆர்4 என்னும் ஒரு புரதம் உண்டு. தோலிலிருந்து வெளிப்படும் சில வேதிப்பொருள்கள் அந்தப் புரதத்தோடு இணைந்து அச்செல்களைத் தோலுக்கு இழுக்கின்றன. விலாசம் எழுதிய கடிதம் போல அவை உரிய இடத்துக்கு வந்து சேர்கின்றன. வைரஸ் தாக்கிப் புற்றாக மாறிய செல்லிலும் பெரும்பாலும் அதே விலாசம் ஒட்டியே இருக்கிறது. இந்த அடையாளத்தையே இலக்காகக் கொண்ட மோகாமுலிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து 2012இல் ஜப்பானில் ஏற்கப்பட்டது. அந்த மருந்தும் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்குகிறது. ஆகவே அங்கும் மருத்துவர் பழைய கேள்வியையே கேட்க வேண்டியிருக்கிறது: இந்தத் தடிப்பு நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா?

நாம் அறிய வேண்டியது

இதைப் படித்துவிட்டு உங்கள் கையில் உள்ள ஒவ்வொரு பருவையும் கண்டு அஞ்ச வேண்டாம். தோல் தடிப்புகளில் மிகமிகப் பெரும்பாலானவை கொசுக்கடி, ஒவ்வாமை, படை, சிரங்கு போன்றவையே. லூக்கிமியா உள்ளவர்களிலும் சிறுபான்மையினருக்குத்தான் புற்றுச் செல்கள் தோலில் குடியேறுகின்றன. ஆனால் அடிபடாமல் தோன்றும் நீலத் திட்டுகள், அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், ஈறு வீக்கமும் இரத்தக் கசிவும், இவற்றோடு நீங்காத காய்ச்சல், வெளுப்பு, களைப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அணுக்களை எண்ணும் ஓர் எளிய இரத்தச் சோதனை பல ஐயங்களைத் தீர்த்துவிடும்.

இன்னொன்றையும் மாணவர்கள், குறிப்பாக மருத்துவம் பயிலப் போகிறவர்கள், நினைவில் கொள்ள வேண்டும். ஹெப்ராவின் காலம் தொட்டு மேல்நாட்டு நூல்களில் வந்த வண்ணப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலைப் பார்த்து வரைந்தவை. அங்கே சிவப்பாகத் தெரிவது நம் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் பழுப்பாகவோ கருநீலமாகவோ தோன்றலாம். சில சமயம் நிறமே தெரியாமல் கைக்குத் தட்டுப்படும் முடிச்சாக மட்டும் இருக்கலாம். சிவப்பு இல்லையே என்று விட்டுவிட்டால் நோயாளியின் நாட்கள் வீணாகும். நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதோடு விரலால் தொட்டுப் பார்ப்பதும் தேவை. ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பார்ப்பதும் தேவை.

கியூஷுவில் பிறந்த நோயாளிகளின் தோலையும் இரத்தத்தையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர்கள், எங்கே பிறந்தீர்கள் என்ற எளிய கேள்வியையும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின் வந்த ஆராய்ச்சியின் பயனாக, இன்று எத்தனையோ குழந்தைகள் அந்த வைரஸ் இல்லாமல் வளர்கிறார்கள். அடுத்த முறை மருத்துவர் உங்கள் இமையை இழுத்துப் பார்த்து, உள்ளங்கையைத் திருப்பி, “எவ்வளவு நாளாக இருக்கிறது? எந்த ஊர்?” என்று கேட்டால், சலித்துக்கொள்ளாமல் நிதானமாக விடை சொல்லுங்கள்.